இருபத்தேழு

ஜாம்புவானோடைப் படகுத்துறையில்
பலகை மேல் கிடக்கிறது
என்னைவிட மூன்று வயது மூத்த அவுட்போர்டு.
ஹெட்டைக் கழற்றியாயிற்று. பத்து போல்ட்டில்
ஒன்பதுதான் முழுசாக வந்தது.

பத்தாவதை முறித்தவர் மதார்ஷாவின் மச்சான் சிக்கந்தர்.
போன வெள்ளிக்கிழமை நடுக்காயலில் புகை கக்கி நின்றதும்
ஸ்பேனரில் ஒன்றரை முழக் குழாயைச் சொருகி
ஏறி மிதித்திருக்கிறார்.
இப்போது என்னைப் பார்க்காமல்
நண்டு வலையில் சிக்கெடுக்கிறார்.
துண்டைத் துளைத்தெடுக்க எனக்கு இரண்டு நாள்,
மூன்று டிரில் பிட்.

மரைகளைக் கம்பிப் பிரஷால் தேய்த்தேன்.
மண்ணெண்ணெய், பிறகு பனியன் துணி, பிறகு ஊதல்.
"ரொம்பத்தான் பாக்குறே, மரை கழண்டவனே"
என்றார் மதார்ஷா.
அங்கேதான் பாய் விஷயமே.

உள்ளே ஒரு உப்புப் பரல் இருந்தால்
இறுகிவிட்டது என்று கை நம்பிவிடும்,
போல்ட் இன்னும் பிடித்தே இருக்காது.
ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால்
அதே எண்ணில் கழுத்து நீண்டு செத்துப்போகும்.
நான் கொடுக்கிற பலத்தில் பத்துக்கு ஒன்பது
உரசலிலேயே போய்விடுகிறது.
மேட்டூரில் திறந்ததை வழி மண்ணெல்லாம் குடித்த பிறகு
நம் கடைமடைக்கு வந்து சேருமே, அந்தப் பங்கு,
அதுதான் இந்த இரும்பை
ஒரு மயிரிழை இழுத்துப் பிடிக்கிறது.

புத்தகத்தில் இருபது என்று போட்டிருக்கிறது, அடி-பவுண்டில்.
என் டார்க் ஸ்பேனர் பேசுவது நியூட்டன் மீட்டர்.
பீடிக்கட்டுத் தாளில் பெருக்கினேன்: இருபத்தேழு.
நடுவில் தொடங்கி, எதிரெதிராக, வெளியே.
முதல் சுற்று ஒன்பது. அடுத்தது பதினெட்டு.
கடைசிச் சுற்றுக்கு முன்
தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், சும்மாதான்.

டிக்.

"போச்சா?" எழுந்தேவிட்டார் சிக்கந்தர்.
முறிவதும் முடிவதும் அவருக்கு ஒரே சத்தம்.
இல்லை பாய், போதும் என்கிறது.
"என்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலியே."
மதார்ஷா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.
ஏழாவது போல்ட்டில் பக்கத்தில் வந்து குந்தினார்.
ஒன்பதாவதில் கையை நீட்டினார்.
மூச்சைப் பிடித்து இழுத்தவர்
டிக் வந்ததும் சுட்டதுபோல் விட்டுவிட்டார்.
"இன்னொரு தடவை கேட்டுக்கட்டா?"
வேண்டாம். கேட்கக் கேட்க ஏறும்.

கயிற்றின் மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
பக்கவாட்டில் ஊசியாய்ப் பீச்சியது தண்ணீர்.
அலையாத்திக் காட்டில் கொக்குகள் எழும்பி
அதே கிளைகளில் திரும்ப உட்கார்ந்தன.
கோரையாற்று வளைவில் படகு மறைந்தது,
இரண்டு மச்சான்களும் ஒரே பக்கம் பார்த்தபடி.

ஸ்பேனரை அடி எண்ணுக்குத் தளர்த்தினேன்,
உள்ளே இருக்கும் சுருளும் தூங்க வேண்டுமே.
பெட்டியில் வைக்கப் போனால்
தட்டில் ஒரு வாஷர்.

பழையதாகத்தான் இருக்கும்.
ஒரு பக்கம் பழுப்பு, மறு பக்கம் பளபளப்பு.
பத்து எடுத்தேன், பத்து போட்டேன்.
பத்துதான்.
விரலில் மாட்டிக்கொண்டு
தண்ணீர்ப் பக்கமாகத் தலையைச் சாய்க்கிறேன்,
சத்தம் இன்னும் கேட்கிறதா என்று.