ஐம்பத்து மூன்றாவது வாரம்

காகித ஆலையை மூடியபோது
கணக்குப் பிரிவின் பெட்டிகளை ஏலம் விட்டார்கள்.
நாற்பது யூரோவுக்கு ஒன்று எனக்கு விழுந்தது.
முகப்பில் யாரோ ஒட்டிய சீட்டு அப்படியே இருக்கிறது:
அணைக்காதே.
கிழிக்க மனம் வரவில்லை.

கெமியில் டிசம்பர் என்றால்
மதியம் இரண்டரைக்கே விளக்குப் போட வேண்டும்.
போடுவது நானல்ல,
படிக்கட்டுக்கடியில் இருக்கும் பழைய சர்வர்.
மின்சாரம் மலியும் மணிநேரம் பார்த்து
சவுனாவைச் சூடாக்குவதும் அதுதான்.
மைனஸ் பதினைந்தைத் தாண்டினால்
நான் கண் விழிக்கும் முன்
கார் எஞ்சினைக் கதகதப்பாக்கிவிடும்.
எங்கள் புகைப்படங்கள் எந்த மேகத்திலும் இல்லை,
குளிர்காலப் பூட்ஸுகளுக்குப் பின்னால்தான்.
அக்டோபரிலிருந்து
அதன் டிஸ்க் ஒன்று தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறது.

இன்றிரவு குடிமாற்றம்.

ப்ராசசர் மேல் பேஸ்ட் பட்டாணியளவு போதும் என்பார்கள்.
என் கை கொஞ்சம் தாராளம்.
எட்டு ஜிபி ரேமைக் கழற்றி முப்பத்திரண்டு.
கட்டைவிரலால் அழுத்த அழுத்த
ஒடிந்தே போகும் என்று பயந்த நொடியில்
க்ளிக்.
உருண்டோடிய மறை ஒன்றை
புள்ளா காலால் தட்டிக்கொண்டே போய்
எங்கோ தொலைத்துவிட்டது.
எனக்கு மறை கழன்றுவிட்டதென்று
பக்கத்து வீட்டு ஹன்னெலே
வெகுநாளாகச் சொல்லிவருகிறாள்.
இப்போது சாட்சிக்குப் பூனை.

பிறகு விதிகளை நகலெடுத்தேன்.
தலையில் எழுதியது யாரோ,
இதில் எழுதியது நான்தான்.
ஒவ்வொரு வரிக்கும் தேதி இருக்கிறது.

முப்பத்தொன்றாம் விதி:
வாரம் ஒற்றைப்படை என்றால்
சைமியின் அறைக்கு இருபத்தொரு டிகிரி,
இரட்டைப்படை என்றால் பதினாறு.
தைஸ்தோ ஆற்றுக்கு அந்தப்பக்கம் வீடு பார்த்துப் போன
ஏப்ரலில் எழுதியது.
சண்டையெல்லாம் இல்லை.
ஒரு தாள், இரண்டு கையெழுத்து,
ஒருவாரம் விட்டு ஒருவாரம்.
ஆளில்லாத அறையைச் சூடாக்குவானேன்
என்று அன்று நினைத்தேன்.
சிக்கனம். அவ்வளவுதான்.

புது இயந்திரத்தைச் சோதிக்க
தேதியை முன்னே தள்ளி ஓட்டிப் பார்த்தேன்.
ஐம்பத்தொன்று, சூடு.
ஐம்பத்திரண்டு, குளிர்.
ஐம்பத்து மூன்று, சூடு.
ஒன்று, சூடு.

என் பிழைதான் என்று மூன்று முறை தேடினேன்.
பிழை வருடத்தில் இருந்தது.
ஐந்தாறு ஆண்டுக்கொருமுறை
நாட்காட்டிக்கு ஒரு வாரம் கூடுதலாக முளைக்கும்,
அதுவும் ஒற்றை,
அடுத்துத் தொடங்குவதும் ஒற்றை.
மூடிய கையை நீட்டி
ஒற்றையா இரட்டையா என்று யாரோ கேட்க
அடுத்தடுத்து இருமுறை நான் ஜெயித்ததுபோல.

ஆனால் தாளில் மாறிமாறி என்றுதான் இருக்கிறது.
ஜனவரி நான்காம் தேதி, திங்கள்,
தைஸ்தோ வருவான்.
சைமி ஸ்கீக்கட்டைகளை அவன் காரில் குறுக்காகத் திணிப்பாள்,
ஒரு கையுறையை மறந்துவிட்டுப் போவாள்.

திருத்துவது ஒரு வரி வேலை.
எழுதினேன். படித்துப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.
சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்.

விடியற்காலை நாலு மணிக்குப் பழையதை அணைத்தேன்.
பிறகு இன்னொரு விதமாகவும்:
இருபது கிலோ,
மார்போடு சேர்த்துத்தான் தூக்க முடிந்தது.
வயிற்றுப்பக்கம் இன்னும் வெதுவெதுப்பு.
கூடத்தில் இறக்கி வைத்த பிறகுதான்
எங்கள் ஃபிரிட்ஜுக்கும் ஒரு முனகல் உண்டென்று
ஏழு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டேன்.

கணக்கும் போட்டாயிற்று.
ஆளில்லாத அந்த அறைக்கு
ஏழு நாள், ஐந்து டிகிரி கூடுதல்:
மூன்று யூரோ எழுபது சென்ட்.
புள்ளா படுத்துக்கொள்ளட்டும்.
மறை கிடைத்தாலும் கிடைக்கும்.