சேதம்

வாசல் என்று பெரிதாக ஒன்றுமில்லை.
இரண்டு டீசல் பீப்பாய், குறுக்கே ஒரு கயிறு,
கயிற்றில் முடிந்த நீலப் பிளாஸ்டிக் பை
காற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
நோல்டோனியோ கயிற்றைத் தரையோடு அழுத்திப் பிடித்தாள்.
வண்டி ஏறிக் கடந்தது.

பச்சைச் சீருடைக் காலருக்கு மேலே
தட்டுத் தட்டாய்ச் சிவப்பு மணிமாலைகள்.
இடுப்பில் வாக்கி டாக்கி, கக்கத்தில் நீள நோட்டு.
ரசீது கிழித்துத் தந்தாள்.
பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு, மோட்டார் பம்புக்கு இவ்வளவு,
காவல்காரர்கள் சம்பளம் இவ்வளவு.
மீதி?
"மீதிக்குத்தான் சனிக்கிழமை கூட்டம்.
மரத்தடியில் உட்கார்ந்து சண்டை போடுவோம்."

சிறுத்தை பார்க்க வேண்டும் என்றேன்.
வருகிறவர்களெல்லாம் அதைத்தான் கேட்பார்கள் போல.
அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

காய்ந்த ஆற்றோடு போனோம்.
லெஷோரனாய் வண்டியை நிறுத்தினான்.
மணலுக்குள் இரண்டு ஆள் ஆழத்தில் ஊற்றுக்குழி.
உள்ளே ஒருவன், நடுவில் ஒருவன், விளிம்பில் ஒருவன்;
வாளி கைமாற, கூடவே பாட்டும் கைமாறி ஏறி வந்தது.
வீட்டுக்கு ஒரு பாட்டாம்.
தன் வீட்டுப் பாட்டு கேட்டால்தான்
மாடு கரையை விட்டு இறங்குமாம்.
ஐம்பது மாடுகள் காதை மட்டும் திருப்பிக்கொண்டு
அடுத்த வீட்டுப் பாட்டை நின்று கேட்டுக்கொண்டிருந்தன.

பொழுது சாய்ந்தால் குழிகளை முள்ளிழுத்து மூடுவார்கள்.
ஒன்றைத் தவிர.
"அது ராத்திரிக்காரர்களுக்கு" என்றான் லெஷோரனாய்.
விளிம்பு மணலில்
முறம் முறமாய் யானைக் காலடிகள்.

நிழலில் நோட்டைக் காட்டினாள்.
தேதி, வந்தது, சேதம், யாருடையது, சாட்சி.
கட்டம் கட்டமாக ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.
யானை, தண்ணீர்த் தொட்டி.
கழுதைப்புலி, ஒரு கழுதை.
போன செவ்வாய்: சிறுத்தை, வெள்ளாடு இரண்டு.
யாருடையது: நோல்டோனியோ.
ஈட்டுத்தொகை இல்லை.
பட்டியின் முள்வேலி முழங்கை அளவு திறந்திருந்தது.
சாட்சி: நோல்டோனியோ.

நிமிர்ந்து பார்த்தேன்.
"ஆடும் என்னுதுதான். வேலியும் என்னுதுதான்"
என்று பக்கத்தைத் திருப்பினாள்.

பாறைக்குன்றுக்குக் கீழே வண்டியைத் தட்டி நிறுத்தினாள்.
இறங்கி, குந்தி,
மணலில் ஒரு தடத்தின் மேல் நாலு விரல் வைத்து அளந்தாள்.
விளிம்பு உதிராத தடம்.
லெஷோரனாய் கியரில் கை வைத்தான்.
என் கேமராவின் மூடி எப்போது கழன்றதென்று தெரியாது.
"அந்தப் பக்கம் வேண்டாம். குட்டி போட்டிருக்கு.
கண்ணு இன்னும் திறக்கல."
அதே சிறுத்தையா?
"அதேதான்."
கொஞ்ச தூரம் திரும்பி வந்த பிறகு,
என்னைப் பார்க்காமல்,
"ரெண்டுமே சினையாடு" என்றாள்.

வேறென்ன பார்த்தேன்?
குறுகிய வரிகளோடு வரிக்குதிரைகள் ஒன்பது.
ஒட்டகச்சிவிங்கி ஒன்று கால் பரப்பிக் குனிந்து
தண்ணீரைத் தொடும் முன் மூன்று தடவை மனம் மாறியது.
தன்னைத் தானே துரத்தும் கினிக்கோழிக் கூட்டம்.
சிறுத்தை இல்லை.
ஆனால் அது இருக்கும் குன்றுக்கு
நாள் முழுக்க முதுகு காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது கயிறு மறுபடி தாழ்ந்தது.
பீப்பாய் மேல் நோட்டை விரித்து அன்றைய கணக்கை எழுதினாள்.
யானை பதினொன்று, வடக்கே.
கழுதைப்புலி, சத்தம் மட்டும்.
அடுத்த வரியில் என் பெயர்.
வந்தது என்ற கட்டத்தில்தான்.
சேதம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

எழுந்து போய்ச் சக்கரத்தைப் பார்த்தாள்.
பல்லிடுக்கில் மாட்டிய கீரை மாதிரி
டயரின் வெட்டுக்குள் நசுங்கி ஒரு குடைவேலங்கன்று.
விரல் நீளம் இருக்கும்.
முள் இன்னும் வெளுக்கவில்லை, வளைந்தது.

எழுதினாள்.
நோட்டை என் பக்கம் திருப்பி
சாட்சிக் கட்டத்தைக் காட்டினாள்.

போட்டேன்.