ஏணி-2

ஹாலிஃபாக்ஸில் மார்ச் மாதம்.
பனியும் இல்லை, மழையும் இல்லை, இரண்டின் கஞ்சி.
பழைய பல் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
கருவிகளை இரவல் தரும் கடை:
துளைப்பான், ரம்பம், பனி தள்ளும் எந்திரம்,
ஒருவரும் திருப்பித் தராத
பத்தாம் நம்பர் ஸ்பானர்.

டார்லீன் கேட்டது ஒன்றுதான்.
"ஒவ்வொரு முகவரியிலும் ஒரு கேள்விக்குறி.
போனில் வாசித்துச் சொன்னால் சிரிக்கிறார்கள்."
கேள்விக்குறி, பொருள், சமக்குறி,
இருநூற்றுப் பதினெட்டு.
அதுதான் ஏணி.

அமைப்பை மாற்றிச் சேமித்தேன்.
முன்னூறு கருவிகளும்
நானூற்று நான்கு என்ற ஒரே வீட்டுக்குக் குடிபோயின.

புள்ளியில் பெயர் தொடங்கும் கோப்பு ஒன்று உண்டு.
நம் எழுத்தில் புள்ளி வைத்தால் மெய்.
இங்கே புள்ளி வைத்தால் மறைவு.
அந்த மறைவுக்குள் ஆறு வரி எழுத வேண்டும்:
யார் எந்தப் பெயர் சொல்லித் தட்டினாலும்
முன்வாசலுக்கே அனுப்பு,
உள்ளே பார்த்துக்கொள்வார்கள்.
எழுத அனுமதியில்லை என்றது சர்வர்.
அனுமதிக்கு ஒரு மணி நேரம், இரண்டு காப்பி.

பிறகு வந்தன,
சுத்தியல் சுத்தியலாக, ரம்பம் ரம்பமாக.

ஆசை விடவில்லை.
டார்லீன் பார்க்காதபோது
தமிழிலேயே ஏணி என்று அடித்தேன்.
பட்டையில் அழகாகத்தான் நின்றது.
நகலெடுத்து ஒட்டினால்
இரண்டெழுத்து நொறுங்கி
ஒன்பது சதவீதக் குறிகள்.
சதவீதம் ஈ பூஜ்யம் சதவீதம் ஏ ஈ...
எறும்புகள் இழுத்துப் போகும்
ஏதோ பூச்சியின் கால்கள்.
அழித்துவிட்டு, ஆங்கிலத்தில் லேடர் என்று வைத்தேன்.

லேடர்-2 என்று திருத்தியது இயந்திரம்.

அப்படியானால் முதல் லேடர் எங்கே?
பக்கங்களில் இல்லை. குப்பையிலும் இல்லை.
ஆறு வருடம் முன்பு யாரோ ஏற்றிய ஒரு படம்
அந்தப் பெயரில் உட்கார்ந்திருந்தது.
மேல்படியில் இரண்டு பூட்ஸ்.
ஆள் சட்டகத்துக்கு வெளியே.
ஒரு நாடா அவிழ்ந்து தொங்குகிறது.

டார்லீன் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள்.
"அழிக்காதே. வேறு பெயர் கொடு."
என்ன பெயர் என்றேன்.
கெட்டில் வைக்கப் போனவள்
திரும்பி வந்து ரம்பங்களைப் பற்றிப் பேசினாள்.
நானே வைத்தேன்,
ஆங்கில எழுத்தில் நாடா.

கடைசியாக ஸ்டிக்கர்கள்.
ஒவ்வொரு கைப்பிடியிலும் பழைய எண் ஒட்டியிருக்கிறது,
பாதிக் கருவிகள் யார் வீட்டுக் கராஜிலோ.
உரித்து எடுக்க முடியாது.
ஒவ்வொன்றுக்கும் முன்னூற்று ஒன்று எழுதினேன்:
நிரந்தரமாகக் குடிபெயர்ந்தது, இங்கே போகவும்.

ஐந்தரைக்குப் பதிவேட்டில் ஒரு வரி.
டார்ட்மத் பக்கத்திலிருந்து யாரோ
பழைய இருநூற்றுப் பதினெட்டைத் தட்டியிருக்கிறார்.
ஏணி அவரிடம்தான்.
இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று அழுத்திவிட்டுப்
போய்விட்டார்.
கவனித்திருக்க மாட்டார்,
புறப்பட்ட முகவரி வேறு,
போய்ச் சேர்ந்தது வேறு என்று.