பசியாறியாச்சா

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு,
காலை எட்டே கால்.
"விமலேஸ்வரி ஏ.பி. சின்னக்கருப்பன்" என்று
மிஸ்ஸி ரொஹாயா கூப்பிடுகிறாள்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறேன்.
கைப்பையையும் கீழே வைக்கிறேன்.
காதுத்தோட்டைக் கழற்றலாமா என்றுகூட
ஒருமுறை யோசித்ததுண்டு.

எண்பத்தொன்று புள்ளி நாலு.

மாத்திரைக்கு முன்னால் ஐம்பத்திரண்டு.
அப்போது ஜெலுத்தோங் பிளாட்டில்
தண்ணீர்க் குழாய் என் பெயரைச் சொல்லித் திட்டும்.
லிப்டில் ஏழாம் மாடிப் பொத்தான்
நான் தொடும்முன்பே சிரிக்கும்.
படுக்கும்முன் ஒரு வெள்ளை மாத்திரை;
மூன்று வாரத்தில் குழாய் வெறும் குழாயானது.
பொய் சொல்லக் கூடாது, அது பெரிய விஷயம்.
ஆனால் குரல்கள் காலி செய்த அறைக்குப்
பசி குடிவந்தது,
முன்பணம்கூடத் தராமல்.

அது உங்களுக்குத் தெரிந்த பசி இல்லை.
ரொட்டி சானாய் மூன்று தின்றுவிட்டுக்
கழுவுகிற கையைப் பார்த்தே
திரும்ப வருகிற பசி.

அண்ணி பிஸ்கட் போத்தலில்
கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு வைத்தாள்.
தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் யாரோ ஓர் ஆண்ட்டி
"சதை போட்டுட்டே, இப்பத்தான் பாக்க நல்லா இருக்கே" என்றார்.
அவர் மகள், என் காதில் படும்படி,
"வாயைக் கட்டணும்."
வாயைத்தான் கட்டினேன்.
பசி வாயில் இல்லை.

பூன் தெயிக்குக்கும் அதே மாத்திரை, அதே அளவு.
என்னோடு ஒரே மாதத்தில் தொடங்கியவன்.
அவன் கால்சட்டை இன்றைக்கும்
பெல்ட்டின் தயவில்தான் நிற்கிறது.

ஆராய்ச்சிக்கென்று வந்த பெண் டாக்டர்
எங்களிடம் ஆளுக்கு இரண்டு டியூப் ரத்தம் எடுத்தாள்.
உடம்பு முழுவதும் நாலே எழுத்தில் எழுதியிருக்கிறதாம்.
பசியைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்
எனக்கு ஓர் எழுத்து வேறாக இருக்கலாமாம்.
ஒன்று மட்டுமில்லை, பல இருக்கலாம்,
அதுவும் முழுக் காரணம் இல்லை, ஒரு பங்கு.
"இருக்கலாம்" என்பதை மட்டும்
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி மறுபடியும் சொன்னாள்.

எனக்கு அந்தப் பங்கு போதும்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்து வைத்திருக்கிறோம் நாம்.
பசியில் இரண்டாம் எழுத்து பிசகினால்
பழி.
ஆறு வருடமாக என்னை அப்படித்தான்
எல்லாரும் வாசித்தார்கள்.
நானும்தான்.

ஃபாரத்தில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது?
சின்னக்கருப்பன், பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.
நடுராத்திரி எழுந்து, விளக்குப் போடாமல்,
மீந்த சோற்றை நின்றபடியே தின்பார்.
தின்றதையெல்லாம் மூட்டைகள் தின்றன.
எலும்பாகவே போய்ச் சேர்ந்தார்.
பெயருக்கு நடுவே இந்த ஏ.பி.யைத் தவிர
எனக்கு ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றிருந்தேன்.
"தெரியாது" என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.

முடிவு வர ஒரு வருடம் ஆகும்.
எங்களுக்குச் சொல்லாமலும் போகலாம்.
மாத்திரையை மாற்றிப் பார்ப்போமா என்கிறார் பெரிய டாக்டர்.
குழாயை நினைத்துக்கொள்கிறேன்.
"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்."

பஸ் நிறுத்தத்தில் பூன் தெயிக்
காகிதப் பையைப் பிரிக்கிறான்.
ஒரு கறிபாப்பைப் பிட்டுப்
பெரிய பாதியை நீட்டுகிறான்.
"எழுத்தை மாத்திக்கலாமா?" என்கிறான் மலாயில்.
"எழுத்தை மட்டும் கொடு.
உன் குரலெல்லாம் எனக்கு வேண்டாம்."

கறிபாப் விற்கிற அக்கா தமிழில் கேட்கிறாள்,
"பசியாறியாச்சா?"
இந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர்.
ஆறினால்தானே என்பது நாக்கு நுனிவரை வந்தது.
"இன்னும் இல்லக்கா" என்றேன்.
இன்னொன்று வாங்கி
நல்ல வெயிலில்,
நின்றபடியே தின்றேன்.