மாவு ஊறும் நேரம்

மூன்றாம் வகுப்பு வீட்டுப்பாடம்
எங்கள் கடையின் ஏழாவது மேசையில் நடக்கிறது.
சர்க்கரைப் பலாட்டா கேட்பவர்களை
அந்தப் பக்கம் நான் உட்கார விடுவதில்லை.
எறும்பு வரும்.

தாம்வே சந்தைக்குப் பின்னால் மழை.
மின்சாரம் போனால் பேட்டரி விளக்கு இரண்டு,
ஒன்று கல்லுக்கு, ஒன்று அவளுக்கு.
வீட்டில் சந்திரவதி. பதிவேட்டில் சந்தா வின்.
இரண்டும் ஒரே நிலாதான் என்கிறாள்
அழிப்பானைக் கடித்துக்கொண்டே.

கணக்குக்கு நான் போதும்.
பதினேழு பலாட்டா, ஆறு தேநீர், ஒரு முட்டை
என்றால் வாய் தானாகச் சொல்லும்.
வழிமுறை எழுத வேண்டுமாம்.
என்ன வழிமுறை?
ஆள் கைகழுவித் திரும்புவதற்குள் தொகை வர வேண்டும்,
அதுதான்.

பர்மியம் பேசுவேன், திட்டுவேன்,
கடன் கேட்பவனைச் சிரித்தே அனுப்புவேன்.
எழுத்தாக வட்டம் வட்டமாக வரும்போதுதான் தடுமாற்றம்.
பலாட்டாவாக இருந்தால்
எது வெந்தது எது வேகாதது என்று சொல்லிவிடலாம்.

அதனால் வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.
டாக்சிக்காரர் வகுத்தல் போட்டார்.
லாட்டரி விற்கும் பெண் ஆமைக்கு ஓடு வரைந்தாள்.
வங்கிக் காவலாளி ஒருவர்
பெற்றோர் கையெழுத்தையே போட்டுவிட்டார்.

கட்டுரை: என் வீடு. ஐந்து வரி.
*எங்கள் வீட்டில் பதினொரு மேசைகள் உள்ளன.
எங்கள் வீட்டுக்கு நிறையப் பேர் வருவார்கள்.
அவர்கள் காசு கொடுப்பார்கள்.
அம்மா வெங்காயம் அரிந்து அழுவார்.
இரவு பத்துக்கு எங்கள் வீட்டைப் பூட்டுவோம்.*

நோட்டு திரும்பி வந்தது.
நாலாம் வரி எண்ணெய்க் கறையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
கீழே சயாமா எழுதிய மூன்று வரி.
ஊ தௌங் கண்ணாடி மாட்டிப் படித்தார்:
"சுத்தமாக எழுதச் சொல்லவும்."
மூன்று வரிக்கு அது குறைச்சல்.
தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.
மீதிச் சில்லறை வாங்காமல் போனார்.

"அவர் முழுசாப் படிக்கலப்பா."
"நீ படி."
விரல் வைத்துப் படித்தாள்,
வகுப்பே சேர்ந்து கத்துகிற அதே சத்தத்தில்.
இதில் பலர் கையெழுத்து தெரிகிறது.
வீட்டில் ஒருவர்
தினமும் அருகில் உட்கார்ந்து பார்க்கவும்.

உட்கார்ந்து.
விடிகாலை நாலிலிருந்து நிற்கிற காலிடம்
யார் போய்ச் சொல்வது இந்தச் சொல்லை?

"மாவு ஊறும்போது என்ன பண்றே?"
வெங்காயத் தட்டோடு மனைவி கேட்டாள்.
பாத்திரம் அடுக்குவேன். தட்டு துடைப்பேன்.
இந்தக் கடையில் ஈரத்துணி போர்த்திக்கொண்டு
அரை மணி சும்மா கிடப்பது மாவு மட்டும்தான்.

இன்று ஆறரைக்கு மாவை மூடினேன்.
ஏழாம் மேசையில் முக்காலியை இழுத்தேன்.
அது இவ்வளவு தாழ்வு என்று
இத்தனை வருடத்தில் இன்றுதான் தெரிகிறது.
முழங்கால் இடித்துத் தேநீர்க் கோப்பை ஆடியது.
நோட்டுப் பக்கம் கை நீட்டினேன்.

"தொடாதே. உன் கையைப் பாரு.
சும்மா உட்காரு."

உட்கார்ந்திருக்கிறேன்.
மூன்றாம் மேசையில் யாரோ உதடு குவித்து
முத்தச் சத்தத்தில் கூப்பிடுகிறார், இந்த ஊர் வழக்கம்.
அவள் நிமிரவில்லை.
ஒரு வட்டம் பாதியில் இருக்கிறது.