செல்லாத சீட்டு

பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நீள மேசை.
ஆம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம்.
ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று
சுவிட்சர்லாந்தின் வாசலில்
எண் எழுதி மாட்டலாமா?
கேள்வி அவ்வளவுதான்.
உர்சினாவும் நானும் எண்ணுகிறோம்.
வெளியே பனி, கணக்கில்லாமல்.

நான் ஆம் போட்டவன். ஒளிக்கவில்லை.
வாடகைக்கு வீடு கிடைக்காமல்
என் மகள் பள்ளத்தாக்கு இறங்கிப்போய்
ஆறு வருடம்.
சூரிச் ரயிலில் கால்வைக்க இடமில்லை.
சொன்னால் கல்நெஞ்சன் என்கிறார்கள்.
உலை வைக்குமுன்
எத்தனை பேர் என்று கேட்பது குற்றமா?

ஆனால்
படுத்த படுக்கையான என் அண்ணனைப் புரட்டி
முதுகுப் புண்ணுக்கு மருந்திடுகிறவள் தியோலிண்டா.
போர்ச்சுகலிலிருந்து முறையாக வந்தவள்,
வரி கட்டுகிறவள்,
இன்று வாக்கில்லாதவள்.
வந்த வருடம் அவள் எத்தனையாவது ஆள்?
கடைசி எண்ணுக்கு அடுத்தவளாய் இருந்திருந்தால்
அண்ணன்?

நானூற்றுப் பன்னிரண்டாவது சீட்டில்
ஆம் இல்லை, இல்லையும் இல்லை.
பென்சிலில் ‘பதினேழு’ என்று மட்டும்.
"நாட்டுக்கே பதினேழு பேரா?"
உர்சினா சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

பதினேழுக்குக் குறைந்தால்
இந்தப் பள்ளியை மூடிவிடுவார்கள்.
இப்போது பதினெட்டுப் பிள்ளைகள்.
இருவர் தியோலிண்டாவின் மக்கள்.

செல்லாது என்று முத்திரை குத்தினேன்.
விதி அப்படி.
ஊரில் ஆம் ஒன்பது வாக்கில் முந்தியது.
ஒன்பதில் ஒன்று என்னுடையது.

பேசாமல்
நாற்காலிகளை மடக்கி அடுக்கினோம்.
திங்கட்கிழமை
பிள்ளைகளுக்குக் கூடம் வேண்டும்.