உடைந்தது: ஒன்று

தண்டையார்பேட்டை மைதானத்துக்கு
இந்த வருசம் நானூறு நாற்காலி போட்டேன்.
போன வருசம் அறுநூறு.
அதற்கு முன்னால் எண்ணூறும் பத்தாமல்
கொருக்குப்பேட்டையில் கடன் வாங்கிப் போட்டது.
எனக்குக் குத்துச்சண்டை தெரியாது.
நாற்காலி தெரியும்.

நல்ல சண்டை என்றால்
உட்காருகிற இடத்தில் செருப்புத் தடம் இருக்கும்,
கைப்பிடி பிளந்திருக்கும்.
ஒரே ராத்திரியில் பதினேழு உடைந்து
சங்கச் செயலாளரோடு விடியும்வரை
மல்லுக்கு நின்றிருக்கிறேன்,
ஒன்றுக்கு இருநூற்றெண்பது ரூபாய் என்று.
மட்டமான சண்டை என்றால்
கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வரும்.
துடைக்கக்கூட வேண்டாம்.

நேற்று முதலில் நாற்பத்தெட்டுக் கிலோப் பெண்கள்.
காசிமேட்டு ரோஸ்லின், எருக்கஞ்சேரி பௌசியா.
போஸ்டரில் அவர்கள்
'மற்றும் பலர்' என்பதற்குள் இருந்தார்கள்.
காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி
மூன்று ரவுண்டும் வெடித்தார்கள்.
வலப்பக்கம் நாலாம் வரிசை முழுக்க எழுந்து நின்றது.
நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன்:
இரண்டு, மூன்று,
அந்த லுங்கிக்காரர் ஏறினால் நாலு.

பிறகு விளக்கை அணைத்து, புகை விட்டு,
காது கிழியப் பாட்டுப் போட்டு
பெரியவர்களைக் கூட்டிவந்தார்கள்.
நூற்றுப்பத்துக் கிலோ டெஸ்மண்ட், ரயில்வே.
நூற்றெட்டுக் கிலோ குணாளன், துறைமுகம்.
இரண்டு மாதமாய் பிளெக்ஸில்
ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள்.

மணி அடித்தது.
ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள்.
நடுவர் பிரித்துவிட்டார். சாய்ந்தார்கள்.
பிரித்துவிட்டார்.
பீரோ இறக்குகிறவர்கள் படிக்கட்டுத் திருப்பத்தில்
நின்று நின்று மூச்சு வாங்குவார்களே,
அப்படி வாங்கினார்கள்.

'யோவ், ரெண்டு பேருக்கும் மால எட்தாங்கய்யா!'
முதல் ரவுண்டில் சிரித்தார்கள்.
மூன்றாவதில் திட்டினார்கள்.
ஐந்தாவதில் திட்டவும் இல்லை.
செல்போன் வெளிச்சம்
முகம் முகமாக ஏறிக்கொண்டே போனது.
ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டு
இட்லி மாவு வாங்கணுமா என்று கேட்டார்.
அப்பா தோளில் இருந்த பொடியன்
'எப்பப்பா சண்ட ஆரம்பிப்பாங்க?' என்றான்.
அவனை இறக்கி, செருப்பைத் தேடி மாட்டி,
கூட்டிப்போனார் அவர்.
அந்த நாற்காலி அடுத்த வருசமும் காலிதான்,
எழுதியே தருவேன்.

ஆறு ரவுண்டு. புள்ளிக்கணக்கில் டெஸ்மண்ட்.
கைதட்டியவர்களை நாலு ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

பத்தரைக்கு அடுக்கத் தொடங்கினோம், பத்துப் பத்தாக.
ஒன்றும் உடையவில்லை. எனக்கு லாபம்தான்.
ஆனாலும் ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துப் பார்த்தேன்,
எங்காவது ஒரு விரிசலாவது என்று.

டெஸ்மண்ட் வந்தார். தலையில் ஈரத்துண்டு.
கோப்பை ஒரு மளிகைக்கடைப் பையில்.
'அண்ணே, ஒண்ணு எடுத்துக்கவா?'
உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை.
'ரெண்டு நிமிசத்துக்கு மேல கை ஏற மாட்டுதுண்ணே.
அவனுக்கும் அதே கததான்.
தோத்தா எனக்குப் பிரமோசன் நிக்கும்,
அவனுக்கு வேலயே நிக்கும்.
அதான் புட்ச்சிக்கினு நின்னுட்டோம்.'

அந்தப் பொடியன் கேட்டதை
அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன்.
வாயைத் திறந்தேன்.
அதற்குள் நாற்காலி திறந்துகொண்டது.
பின்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம்,
டமார்.
அன்றைக்கு அந்த மைதானத்தில் விழுந்த ஒரே ஆள்.

என் பையன்கள் நாலு பேரும்
கையில் இருந்ததைப் போட்டுவிட்டு விசில் அடித்தார்கள்.
ஒருத்தன் மண்டியிட்டுத் தரையைத் தட்டி
'ஒண்ணு... ரெண்டு...' என்று எண்ணினான்.
டெஸ்மண்ட் மல்லாந்தபடி
வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.
வெளியே டீக்கடையில் நின்றவர்கள்
என்ன சத்தம் என்று கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.
'ஏழு' வரும்போது ஒரு முப்பது பேர் இருக்கும்,
எல்லோருமே எண்ணினார்கள்.
ஒன்பதில் எழுந்தார்.

'எவ்ளோண்ணே?' என்றார், தூசி தட்டிக்கொண்டு.
இருநூற்றெண்பது என்றேன்.
கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.